லாங்மன் ஆன்லைன் அகராதி: ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் திறந்தே வைத்திருக்க வேண்டியது

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் வெளியே போவதற்கு முன் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. திருத்தியதை வாங்கிப் பார்த்த பிறகு பலரும் கேட்பது ஒன்றுதான்: "வொகாபுலரியை வளர்க்க நல்ல ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்." நான் ஆப் எதையும் சொல்வதில்லை. 'லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் காண்டெம்பரரி இங்கிலீஷ்' என்ற அகராதியின் வலைத்தளத்தைத்தான் சொல்வேன். இலவசம். அகராதி என்றதும் கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். அதனால்தான் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் மேசைக்கு வரும் பிழைகளில் பெரும்பாலானவை சொல் தெரியாததால் வருபவை அல்ல. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறவருக்கு 'டிஸ்கஸ்' என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். 'அட்வைசஸ்' என்று எழுதுகிறவருக்கும் அப்படித்தான். தெரியாமல் இருப்பது, அந்தச் சொல் எதோடு சேரும், எதோடு சேராது, பின்னால் எதை இழுத்துக்கொண்டு வரும் என்பது. தினம் பத்துப் புதிய சொல் என்று அனுப்பும் ஆப்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒன்றில் 'ஃபேமஸ்' என்ற சொல்லுக்கு இணைச்சொற்கள் என்று ஒரு வரிசை கொடுத்திருந்தார்கள், அதில் 'நொட்டோரியஸ்' என்பதும் இருந்தது. அதை நம்பி ஒருவர் தன் மேலதிகாரியைப் பாராட்டி எழுதினால் என்ன ஆகும்? கெட்ட பெயரால் ஊரறிந்தவர் என்று எழுதியதாகிவிடும். லாங்மனில் 'ஃபேமஸ்' பக்கத்தைத் திறந்தால் தெசாரஸ் என்ற பெட்டிக்குள் 'வெல்-நோன்', 'ரினௌண்ட்', 'நொட்டோரியஸ்' என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன வேறுபாடு என்று ஒரு வரி இருக்கும், கூடவே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கும்.

'டிஸ்கஸ்' பதிவையே எடுத்துக்கொள்வோம். பொருளை விளக்கும்போதே 'டாக் அபவுட்' என்று தொடங்குகிறார்கள். அதாவது 'அபவுட்' அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது, வெளியே இன்னொன்று வேண்டாம். பக்கத்தில் 'ட்ரான்ஸிடிவ்' என்று குறிப்பு உண்டு, செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினை என்று பொருள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்லாதீர்கள் என்று வெளிப்படையாகவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று நினைத்துப் பழகியவர்கள், அந்தப் 'பற்றி' ஆங்கிலத்திலும் தானாக ஒட்டிக்கொள்கிறது. இதை எத்தனை முறை சிவப்பு மையால் அடித்தாலும் திரும்ப வரும். அகராதியில் ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்களிடம் குறைந்துவிடுகிறது, அதை நானே கவனித்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் ஒரே வகைப் பிழைகளின் ஒரு குடும்பமே சரியாகிவிடும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு 'அபவுட்' வேண்டாம், ஆனால் 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'அபவுட்' வரும். 'எம்ஃபசைஸ்' வினைக்குப் பின்னால் 'ஆன்' கூடாது, 'எம்ஃபசிஸ்' பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'ஆன்' வேண்டும். 'ரிக்வெஸ்ட்' வினையாக வந்தால் கேட்கும் பொருளை நேராகச் சொல்ல வேண்டும், பெயர்ச்சொல்லாக வந்தால் 'ரிக்வெஸ்ட் ஃபார்'. பெயர்ச்சொல்லுக்கு உரியதை வினையின் தலையில் ஏற்றுவதால்தான் இந்த வகைப் பிழை முழுவதும் வருகிறது. லாங்மனில் வினைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் தனித்தனிப் பதிவு, எது எதோடு வரும் என்பது தடித்த எழுத்தில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள், யாரும் பாடம் எடுக்காமலே விளங்கிவிடும்.

எனக்கு இந்த அகராதியில் மிகவும் பிடித்தது கலக்கேஷன் பெட்டி. சொற்சேர்க்கை, அதாவது ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொற்களோடு கைகோத்து வரும் என்பது. பக்கத்து இருக்கையில் இருக்கும் தம்பி ஒரு நாள் தன் அறிக்கையை நீட்டி, "அக்கா, 'இம்பார்ட்டன்ட் ப்ராப்ளம்'ங்கிறதை ஏன் அடிச்சீங்க? இலக்கணம் சரிதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலக்கணத்தில் குற்றம் இல்லை. 'முக்கியமான பிரச்சினை' என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோம், அதையே அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார். நான் விளக்கவில்லை, 'ப்ராப்ளம்' பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பிரச்சினையோடு சேரும் வினைகள் ஒரு வரிசை: 'சால்வ்', 'ஃபேஸ்', 'காஸ்', 'டீல் வித்'. சேரும் பெயரடைகள் இன்னொரு வரிசை: 'பிக்', 'மேஜர்', 'சீரியஸ்'. அதற்கும் கீழே, 'இம்பார்ட்டன்ட் ப்ராப்ளம்' என்று சொல்லாதீர்கள், 'பிக்' அல்லது 'சீரியஸ்' என்று சொல்லுங்கள் என்று தனியாகவே ஒரு குறிப்பு. அவர் படித்து முடித்ததும் அறிக்கையில் இருந்த மற்றப் பெயர்ச்சொற்களையும் தானே தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு பரிந்துரைக்கு இதைவிட நல்ல பலனை நான் எதிர்பார்க்கவில்லை.

சொற்சேர்க்கை என்ற இந்தக் கருத்தை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957-இல் எழுதியவர். அவருக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் திருத்திய பதிப்புக்கு 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றிய பின்னிணைப்பை எழுதியவர் அவரே. தொடர்பில்லாத செய்திதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

அடுத்து, விளக்கங்களின் எளிமை. இந்த அகராதியில் எந்தச் சொல்லையும் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களை வைத்தே விளக்குகிறார்கள். அதற்கு வெளியே ஒரு சொல் தேவைப்பட்டால் அதைச் சிறிய முகப்பெழுத்துகளில் காட்டிவிடுவார்கள். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1935-இல் 1,490 சொற்களை மட்டும் கொண்டு ஓர் அகராதி முழுவதையும் எழுதினார். லாங்மன் 1978-இல் முதல் பதிப்பு கொண்டுவந்தபோது அந்த வழியைப் பின்பற்றியது. இதன் பயன் என்ன? ஒரு சொல்லைத் தேடிப் போய், விளக்கத்தில் வரும் சொல்லுக்கு இன்னொரு தேடல், அதற்கு இன்னொன்று என்று அலைய வேண்டியதில்லை. இன்னொரு பயனும் உண்டு. கடினமான ஒன்றை எளிய சொற்களால் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒவ்வொரு விளக்கமும் ஒரு மாதிரி. நேர்முகத் தேர்வில் சரியான சொல் நினைவுக்கு வராமல் திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது, தினமும் சில விளக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள் என்பதுதான்.

எந்தச் சொல்லைக் கற்பது என்பதற்கும் வழி காட்டுகிறது. மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அதிகம் புழங்கும் சொல், இரண்டு இருந்தால் இடைநிலை, ஒன்று என்றால் அதற்கும் கீழே. எஸ், டபிள்யூ என்ற எழுத்துகளோடு 1, 2, 3 என்ற எண்கள் வரும். எஸ் பேச்சுக்கு, டபிள்யூ எழுத்துக்கு. எஸ்1 என்றால் பேச்சில் அதிகம் வரும் முதல் ஆயிரம் சொற்களில் ஒன்று. ஒரு புள்ளிகூட இல்லாத அரிய சொற்களை மனப்பாடம் செய்து கடிதத்தில் திணிக்கிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். 'பை' என்ற வினை போதுமான இடத்தில் 'பர்ச்சேஸ்', 'ஸ்டார்ட்' போதுமான இடத்தில் 'கமென்ஸ்' என்று எழுதுவது கெட்டிக்காரத்தனம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் 'ஃபார்மல்' என்று அகராதி சொல்லிவிடுகிறது. நண்பருக்கு எழுதும்போது அவை வேண்டாம் என்று அர்த்தம்.

பலர் கண்ணில் படாமல் போகும் இன்னொன்று, பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் வரும் 'கவுண்டபிள்', 'அன்கவுண்டபிள்' என்ற குறிப்பு. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' எல்லாம் எண்ண முடியாதவை, பின்னால் எஸ் வராது. அதைக்கூடப் பாடமாகப் படித்துவிடலாம். சிக்கல், இரண்டு விதமாகவும் வரும் சொற்களில்தான். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பது வேலை அனுபவம் என்ற பொருளில் எண்ண முடியாதது, வாழ்வில் நடந்த ஒரு நிகழ்வு என்ற பொருளில் எண்ணக்கூடியது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருட 'எக்ஸ்பீரியன்சஸ்' என்று எழுதினால் இடறும். பயணத்தைப் பற்றி எழுதும்போது அதே வடிவம் சரி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் குறிப்பு போட்டிருப்பதால், முதல் பொருளோடு நிற்காமல் கீழே வரை படித்தால்தான் இது தெரியும். அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சரி, குறைகள். எச்சரிக்கைப் பெட்டிகள் எல்லாச் சொற்களுக்கும் இல்லை, அதிகம் புழங்கும் சொற்களுக்குத்தான். சமாளிப்பது என்ற பொருளில் 'கோப் அப் வித்' என்று நாம் எழுதும் பிழை அங்கே பெயர் சொல்லிச் சுட்டப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'கோப்' பதிவில் 'கோப் வித்' என்று சரியான வடிவம் இருக்கும், நம் பிழையை நாமேதான் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அகராதி நம் வாக்கியத்தைப் படித்துத் திருத்தித் தராது. அதனால் நான் சொல்லும் முறை இது: முதலில் எழுதி முடியுங்கள். அப்புறம் முக்கியமான வினைகளையும் பெயர்ச்சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள், குறிப்பாக நன்றாகத் தெரியும் என்று நினைப்பவற்றை. தெரியாத சொல்லை எப்படியும் தேடுவோம், தெரிந்த சொல்தான் ஏமாற்றும்.

பக்கத்தின் அடியில் 'எக்ஸாம்பிள்ஸ் ஃப்ரம் தி கார்ப்பஸ்' என்று, அதாவது நடைமுறை ஆங்கிலத்தின் பெருந்தொகுப்பிலிருந்து எடுத்து, வரும் வாக்கியங்கள் ஓரளவு தேறியவர்களுக்கு மட்டும். முன்பின் இல்லாமல் துண்டாக நிற்பதால் புதியவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பதிவுக்குள்ளேயே விளக்கத்தோடு வரும் எடுத்துக்காட்டுகள் அருமையானவை, அவற்றோடு நின்றுகொள்ளலாம். படித்ததை நினைவில் வைக்கவும் இந்தத் தளம் உதவாது. அதற்கு ஆங்கி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக நாம் எழுதி வைக்கும் அட்டைகளை மறக்கப் போகும் சமயத்தில் மறுபடி காட்டி நினைவூட்டும். ஆனால் தனிச்சொல்லை எழுதி அதன் பொருளைப் பின்னால் எழுதாதீர்கள். லாங்மன் எடுத்துக்காட்டு வாக்கியத்தையே எடுத்து, சேர்ந்து வரும் சொல்லை மட்டும் காலியாக விட்டு அட்டை தயாரியுங்கள். 'சீரியஸ்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

மற்ற அகராதிகளோடு ஒப்பிட்டால், 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதும். ஒரு வினையை யார், எதன் மேல் செய்வார்கள் என்பது அதில் இன்னும் தெளிவு. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி சொற்களுக்கு ஏ1 முதல் சி1 வரை நிலை போடுகிறது, தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது வசதி. 'ப்ரீபோன்' (குறித்த நாளுக்கு முன்பே நடத்துவது) போன்ற சொற்களை இந்திய ஆங்கிலம் என்று அடையாளமிட்டுச் சேர்த்திருப்பதும் எனக்குப் பிடிக்கும். அந்தச் சொல்லைப் பிழை என்று அடிப்பது சரியல்ல. எதிரில் இருப்பவருக்குப் புரியுமா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுக்குப் போகும் கடிதம் என்றால் மட்டும் நான் அதை மாற்றுகிறேன். சொற்சேர்க்கைக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளுக்கும் லாங்மன்தான் என் முதல் தேர்வு.

எளிய ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறாமல் படிக்க வராதவர்கள் இப்போதைக்கு இதைத் தொட வேண்டாம், ஆங்கிலம்-தமிழ் அகராதியே அவர்களுக்கு ஏற்றது. அச்சுப் புத்தகம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆறாம் பதிப்பு 2014-இல் வந்தது, தடிமனான புத்தகம். புரட்டும்போது தேடாத சொற்களும் கண்ணில் படும் என்பதால் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் வாங்குங்கள். எழுதும்போது சரிபார்க்க மட்டும் என்றால் தளமே போதும், பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் அதில் கேட்டுவிடலாம்.