நெதர்லாந்துக்கு டெபுடேஷனில் கிளம்புகிறவர்களே, வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

4,650 யூரோ. நம் காசுக்கு ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் ரூபாய். வங்கிக் கட்டணமும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் தனிக்கணக்கு. இந்தப் பணத்தை யாரோ ஒரு திருடனுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தோவனில் ஒரு ஹோட்டல் அறையில் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றார் என் கணவர். அடங்கினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று கம்பெனி அனுப்பி, கணவனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வரப்போகிறவர்களுக்குக் கடைசியில் டிப்ஸ் தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு 18 மாத டெபுடேஷன். ஓஎம்ஆரில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து இங்குள்ள வாடிக்கையாளர் இடத்துக்கு. என் வேலைக்காக இவர் கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறார். விசா, விமான டிக்கெட், வந்து இறங்கியதும் சில வாரத்துக்கு ஹோட்டல், இதெல்லாம் கம்பெனி செலவு. வீடு மட்டும் 'எம்ப்ளாயியின் சொந்த ஏற்பாடு'. இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும்.

இந்த ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் பக்கத்து ஊரான வெல்ட்ஹோவனில் இருக்கிறது. அதை நம்பியும் அதைச் சுற்றியும் வேலை செய்ய உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீடுகள் அந்த வேகத்தில் வரவில்லை. அதிலும் எங்களைப் போலத் தற்காலிகமாக வருகிறவர்களுக்கு, கட்டில், அடுப்பு எல்லாம் போட்ட வீடுதான் வேண்டும். இங்கே வெறும் வீடு என்று வாடகைக்கு விட்டால் பல சமயம் தரைகூடப் போட்டிருக்காது, சிமெண்ட் மட்டும்தான் இருக்கும். நாம் தரை போட்டு, திரை மாட்டி, 18 மாதத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

சரி, ஏன் இவ்வளவு அவசரம், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நாலு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் வந்து ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியோடு பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால்தான் பிஎஸ்என் என்ற குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். எண் கொடுக்காதவரின் சம்பளத்தில் 52 சதவீதம் வரி பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர்கள் பலர் 'இந்த முகவரியில் பதியக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் வீடு விடுகிறார்கள். ஒருவர் மட்டும் பதியலாம், ஜோடியாகப் பதியக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆக முகவரி இல்லாமல் எதுவும் நகராது. இது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியுமோ, அதைவிட நன்றாக அந்தத் திருடனுக்குத் தெரியும்.

நான் போனது ஏதோ ஓரத்தில் இருக்கும் இலவச விளம்பரப் பக்கத்துக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் வாடகை வீட்டு இணையதளம். வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பவே மாதச் சந்தா கட்ட வேண்டும். நான் கட்டினேன். ஸ்ட்ரைப்-எஸ் பகுதியில், பழைய பிலிப்ஸ் தொழிற்சாலைகளைக் குடியிருப்பாக மாற்றிய இடத்தில், ஒரு படுக்கையறை ஃபிளாட். மஞ்சள் சோபா, ஜன்னலுக்கு வெளியே செங்கல் கட்டடம். வாடகை 1,550 யூரோ. அதே பகுதியில் மற்ற வீடுகளுக்கும் அதுதான் விலை, அடிமாட்டு விலை ஒன்றும் இல்லை. விளம்பரத்தின் மேலே பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற அடையாளம்.

பேசியவன் தன்னை வீட்டுக்காரரின் மேலாளர் என்று சொல்லிக்கொண்டான். எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நீங்கள் இரண்டு பேரும் இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாம், ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறேன்" என்றான். நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான். அடுத்து, "திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்ற அரசுச் சான்று) வாங்கிவிட்டீர்களா? இந்தியர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருப்பதில்லை, அதை அங்கேயே சரிசெய்துவிட்டு வாருங்கள், இங்கே வந்தால் அலைவீர்கள்" என்றான். இவருடைய பிறப்புச் சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது! பெயர் சேர்க்கச் சொந்த ஊர் நகராட்சிக்கு அலைந்துவிட்டு இவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். (வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். இடையில் இருக்கும் ஏஜெண்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அது வேறு கதை.) எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நொடியில்தான் நம்பிக்கை வந்தது. எங்கள் எச்ஆருக்கே தெரியாத விஷயத்தை இந்த மனுஷன் எடுத்துச் சொல்கிறாரே, நம்மைப் போலப் பல குடும்பங்களைப் பார்த்தவர் போல என்று நினைத்தோம்.

வீடியோ காலில் ஒரு பெண் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாயைத் திறந்து காட்டினாள். ஜன்னலைத் திறந்து வெளியே தெருவைக் காட்டினாள். இவர் கேட்டதற்காகத் துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைக்கூடத் திறந்து காட்டினாள். "சமையல் வாடை பிரச்சினை ஆகுமா?" என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சிம்னியை ஓடவிட்டாள். இதற்கு மேல் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எதைச் சரிபார்க்க முடியும், சொல்லுங்கள்.

ஒப்பந்தம் டச்சிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வந்தது. வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் நகலும் வந்தது. முன்பணம் எவ்வளவு என்று கேட்டபோது, "2023 ஜூலையிலிருந்து இங்கே இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, அதனால் இரண்டு மாதம்தான்" என்றான். தேடிப் பார்த்தேன், அந்தச் சட்டம் உண்மை. திருடன் சட்டத்தை மேற்கோள் காட்டுகிறான், பாருங்கள்! டெபாசிட் 3,100, முதல் மாத வாடகை 1,550. மொத்தம் 4,650 யூரோ.

தளத்தின் பாதுகாப்பான கட்டண வசதி இந்திய கார்டுகளை ஏற்காது, அதனால் 'ட்ரஸ்டி கணக்கு' ஒன்றுக்கு அனுப்புங்கள், நீங்கள் சாவி வாங்கும்வரை பணம் அங்கேயேதான் இருக்கும் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தத் தளத்தின் இலச்சினை, நிறம், கையெழுத்து எல்லாம் அச்சு அசல். கணக்கு எண் 'எல்டி' என்று தொடங்கியது. அது லித்துவேனியா. கேட்டதற்கு, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை அந்தக் கிளைதான் கவனிக்கிறது என்றான். என் பெயரில் இருந்த வைப்புத்தொகையை உடைத்தேன். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பினேன். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள், வீட்டு வாடகை என்றேன், முத்திரை குத்தினார்கள். யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நெதர்லாந்து வங்கிகளில் பணம் அனுப்பும்போது பெயரும் கணக்கு எண்ணும் பொருந்தவில்லை என்றால் திரையிலேயே எச்சரிக்கை வரும். சென்னையிலிருந்து ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கி வழியில் போன என் பணத்துக்கு அப்படி ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

வந்து இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டின் மணியை அடித்தால், ஒரு டச்சு இளைஞர் கதவைத் திறந்தார். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். ஊருக்குப் போன வார இறுதியில் வீட்டை யாருக்கோ குறுகிய கால வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வீடியோ கால் நடந்தது அப்போதுதான். மஞ்சள் சோபா அவருக்குப் பின்னால் தெரிந்தது. நல்ல மனிதர், உள்ளே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவரைச் சொல்லி என்ன செய்ய.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு.

முதலில் அந்த இணையதளம். சாட்டில் ஒரு ரோபோ. ரோபோவைத் தாண்டி ஒரு ஆள் வருவதற்குள் அரை நாள். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் எங்களால் உதவ இயலாது." சரி, அந்தப் பச்சை அடையாளம் என்ன என்று கேட்டேன். விளம்பரம் போட்டவரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் சரிபார்க்கப்பட்டன என்பதுதான் அதற்குப் பொருளாம், வீட்டைச் சரிபார்த்ததாக அவர்கள் எங்கும் சொல்லவில்லையாம். மறுபடி எழுதினேன், 'உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று பதில். அதே நாளில் அடுத்த மாதச் சந்தாவை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் இந்திய கார்டு செல்லுபடி ஆகிறது.

அடுத்து என் வங்கி. "ரீகால் போடலாம் மேடம், அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் பணம் அந்தக் கணக்கில் வரவாகிவிட்டால், பெறுபவர் சம்மதித்தால்தான் திரும்பும்." திருடனின் சம்மதம்! 4,650 யூரோவைத் திருப்பித் தர உனக்குச் சம்மதமா என்று அவனைக் கேட்டுச் சொல்வார்களாம். கட்டணத்தைக் கட்டி ரீகால் போட்டிருக்கிறேன், பதில் இல்லை.

நம் ஊர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தேன். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பணம் போன கணக்கு இந்தியாவில் இல்லாததால் உடனே முடக்க வழியில்லை என்றார்கள்.

இங்குள்ள போலீஸிடம் இணைய மோசடிப் புகாரை ஆன்லைனில் கொடுக்கலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் டிஜிடி என்ற அடையாளக் கணக்கு வேண்டும். அதற்கு பிஎஸ்என் வேண்டும். அதற்கு முகவரி வேண்டும். வீட்டை ஏமாந்தவள் அதைப் பற்றிப் புகார் கொடுக்க வீடு வேண்டும்! நேரில் நேரம் வாங்கிப் போய்க் கொடுத்தோம். அந்த அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டார். பணம் திரும்பி வரும் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

என் கம்பெனி? 'எம்ப்ளாயியின் சொந்த ஏற்பாடு'. சம்பள முன்பணம் வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், தவணையாகப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு இணைப்பை அனுப்பினார்கள்.

ஊரில் மாமா ஃபோனில், "ஏம்மா, ரெண்டு பேரும் இவ்வளவு படிச்சிருக்கீங்க..." என்று இழுத்தார். இதைப் படிக்கும் சிலரும் அதையே எழுதத் துடிப்பீர்கள். படிக்காதவனை ஏமாற்ற அவன் இந்த வழியை எடுக்கவே மாட்டான். அப்போஸ்டில், டெபாசிட் சட்டம், பதிவு விதி என்று அவன் சொன்னவற்றில் பெரும்பாலானவை உண்மை. தேடித் தேடிச் சரிபார்க்கிறவர்களுக்கென்றே அவன் வைத்த வலை இது. இதில் பேராசை எங்கே இருந்தது என்று காட்டுங்கள் பார்ப்போம்.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் இன்னொன்று. ஒப்பந்தத்துக்கென்று எங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட் நகல், என் சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. எங்களுக்கு அவன் அனுப்பிய 'வீட்டுக்காரர்' பாஸ்போர்ட்டும் இப்படி ஏமாந்த யாருடையதாகவோதான் இருக்கும். அடுத்து வரும் ஜோடிக்கு என் கணவரின் பாஸ்போர்ட் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டாகப் போகலாம்.

டிப்ஸ் தருவதாகச் சொன்னேன். இப்போதைக்கு எழுத முடிவது இவ்வளவுதான்.

நெதர்லாந்து வீட்டுக்கு நெதர்லாந்து கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள், 'என்எல்' என்று தொடங்கும், மொத்தம் 18 எழுத்தும் எண்ணும். அப்படி இருந்தாலே நல்லவன் என்று அர்த்தம் இல்லை, ஆனால் வேறு நாட்டுக் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இங்கே நிலப் பதிவேட்டை கடாஸ்டர் என்கிறார்கள். சில யூரோ கட்டினால் அந்த முகவரியின் உரிமையாளர் யார் என்று யாரும் பார்க்கலாம். எனக்கு இது பணம் போன பிறகுதான் ஒருவர் சொன்னார்.

பாஸ்போர்ட் நகல் அனுப்பினால் எதற்காக, யாருக்கு என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். அதற்கென்று கோப்பிஐடி என்று இங்குள்ள அரசே ஒரு செயலி வைத்திருக்கிறது.

வீட்டுக்குள் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் காலை வைத்து, சாவியைக் கையில் வாங்காமல் ஒரு பைசா தராதீர்கள். வீடியோ கால் கணக்கில் வராது. முதல் சில மாதத்துக்குப் பதிவு செய்ய அனுமதி உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்ட்டைக் கம்பெனியிடமே கேளுங்கள், மெயிலில் கேளுங்கள், கிளம்பும் முன் கேளுங்கள்.

இன்று காலை வேறு பெயரில் உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த விளம்பரம் இன்னும் அதே பச்சை அடையாளத்தோடு இருக்கிறது. வாடகையை 1,495 ஆக்கியிருக்கிறான். ஸ்ட்ரைப்-எஸ், ஒரு படுக்கையறை, மஞ்சள் சோபா, ஜோடிகள் பதிந்துகொள்ளலாம் என்று எங்கே பார்த்தாலும் புகார் பொத்தானை அழுத்துங்கள். யாராவது பேச்சுவார்த்தையில் இருந்தால் பணம் அனுப்பும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவன் அனுப்பும் ஒப்பந்தத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.