மசினகுடியில் "காட்டுக்குள் ட்ரெக்கிங்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

முதுமலைப் புலிகள் காப்பகம், மசினகுடிப் பக்கம் போக நினைப்பவர்கள் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தங்க அறை, ஜீப் சஃபாரி, ராத்திரி "நைட் சஃபாரி", விடிகாலையில் கைடோடு "அடர்காட்டு ட்ரெக்கிங்", எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் விற்றார். பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபேயில் போடச் சொன்னார். அவர் அனுப்பிய படங்களில் ஒன்றில் பாழடைந்த கோட்டைப் படிக்கட்டில் புலி உட்கார்ந்திருந்தது. அது ராஜஸ்தானின் ரந்தம்பூரில் எடுத்த படம் என்று என் மச்சான் பார்த்ததுமே கண்டுபிடித்துச் சொன்னான், ஆனால் அதற்குள் பணம் போய்விட்டது.

முதலில் அந்த ஜீப் சஃபாரி. மேலே திறந்த ஜீப், டிரைவர் கையில் பைனாகுலர், எல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. போனது எங்கே என்றால் மாயார் ரோடு, அப்புறம் சிங்காரா ரோடு. இரண்டும் ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் தார் ரோடு, நம் காரிலேயே போகலாம். எதிரே டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தபோது என் மகள் "அப்பா, இதுவா அடர்காடு?" என்று கேட்டாள், டிரைவர் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். புள்ளிமானும் மயிலும் பார்த்தோம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவை அங்கே ஓட்டல் வாசலிலேயே மேய்கின்றன. காப்பகத்துக்குள்ளே போகும் உண்மையான சஃபாரி வனத்துறையுடையது மட்டும்தான். தெப்பக்காட்டில் அவர்களுடைய கவுண்டரில் டிக்கெட் வாங்கி அவர்களுடைய வண்டியிலேயே போக வேண்டும். தனியார் ஜீப்புக்கு உள்ளே வேலை இல்லை.

நைட் சஃபாரி பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. காப்பகத்தின் வழியாகப் போகும் மைசூர் ரோட்டையே ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள், அதில் இவர்கள் எங்கே கூட்டிப்போவார்கள்? டார்ச் அடித்து மானின் கண்ணைக் கூச வைப்பதுதான் அந்த சஃபாரி. அதுவும் சட்டவிரோதம்.

இனி மோசமான பகுதி. விடிகாலையில் ரப்பர் செருப்பு போட்ட ஒரு பையன் வந்து "நான்தான் கைடு" என்றான். விடுதிக்குப் பின்னால் கம்பி வேலியில் ஒரு இடைவெளி, அதில் குனிந்து நுழைந்தால் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு "எல்லாம் பேசியாச்சு சார்" என்றான். கொஞ்ச தூரத்தில் பாதை நடுவில் யானை லத்தி கிடந்தது, காலைக் குளிரில் அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பையன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், போன் வருகிறது என்று சொல்லி வந்த வழியே திரும்பி நடந்தவன்தான், அப்புறம் ஆளைக் காணோம். என் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

எங்களை வெளியே கூட்டிவந்தது ரோந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர். அதில் பெரியவர் அதட்டவில்லை, ஆனால் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது யானை தண்ணிக்கு இறங்குற வழி சார். இந்தச் செடிக்குள்ள நின்னா பத்தடியில கூடத் தெரியாது. கரடியும் இதே வழிதான்." அப்புறம் ரேஞ்ச் ஆபீஸ், பெயர், விலாசம், அபராதம். ஆமாம், அபராதம் கட்டியது நாங்கள்தான். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைத்தவர் யாரோ அவர்மேல் வழக்கு வரும், பேக்கேஜ் விற்றவர் கோவையில் ஜாலியாக உட்கார்ந்திருப்பார்.

இதில் யாரும் விளையாடக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் ட்ரெக்கிங் போனவர்கள் 23 பேர் செத்துப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகுதான் தமிழக அரசு ட்ரெக்கிங்குக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது.

நடக்கத்தான் ஆசை என்றால் வனத்துறையின் "ட்ரெக் தமிழ்நாடு" இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள். நீலகிரியிலேயே கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன் ஹில், கூடலூர் பக்கம் ஊசிமலை என்று பல இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்யலாம், கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அப்போதும் "எங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் எப்பேர்ப்பட்டவர் என்று புரிந்துகொள்ளலாம்.

பணம் திரும்பி வரவில்லை. அபராத ரசீதைப் படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார். சைபர் குற்ற எண் 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி பேக்கேஜில் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள்.