ஈரலை மட்டும் பார்த்து நோயைச் சொல்லலாமா? நான்கு பாக்டீரியாக்கள், ஓர் ஒப்பீடு

செத்த கோழியை அறுத்ததும் எல்லோர் கண்ணும் முதலில் ஈரலுக்குத்தான் போகும். நாமக்கல் பக்கம் அனுபவமுள்ள பண்ணையாளர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பல நேரம் சரியாகவும் இருக்கும். தவறிப்போகிற நேரங்களுக்காகத்தான் இந்த அலசல்.

முதலில் கோழி டைபாய்டு. காரணம் சால்மோனெல்லா காலினேரம். ஈரல் வீங்கி, தொட்டால் நொறுங்கும். காற்றுப் பட்டதும் பச்சை கலந்த வெண்கலப் பளபளப்பு ஏறும். பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது இதைத்தான், ஏமாற்றுவதும் இதுதான். வெயில் காலத்தில் செட்டில் சில மணி நேரம் கிடந்த கோழிக்கும் பித்தப்பையை ஒட்டிய இடம் பச்சையாகிவிடும். அது வெறும் பித்தநீர்க் கறை. அதனால் அப்போதுதான் செத்த கோழியை அறுங்கள். ஈரல் முழுக்க நிறம் மாறியிருக்கிறதா, மண்ணீரலும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்து, மஞ்சள் பச்சைக் கழிச்சலும் சேர்ந்து, சாவு தினம் கொஞ்சமாக வாரக்கணக்கில் இழுத்தால் சந்தேகம் வலுக்கும். பழுப்பு முட்டை இனங்கள் வெள்ளை லெகார்னைவிட இதற்கு எளிதில் ஆட்படும். மருந்து சாவைக் குறைக்கும், அவ்வளவுதான். பிழைத்த கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், தாய்க்கோழியானால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். நான்கில் நீண்டநாள் தலைவலி இதுதான் என்பேன்.

கோழி காலரா இதற்கு நேரெதிர். நேற்று தீவனம் தின்று முட்டையும் இட்ட கொழுத்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். பெரும்பாலும் 16 வாரம் தாண்டியவை. கிருமி பாஸ்டுரெல்லா மல்டோசிடா. மனிதருக்கு வரும் காலராவோடு பெயரில் மட்டும்தான் உறவு. லூயி பாஸ்டர் 1880 வாக்கில் தடுப்பூசி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கிருமியைத்தான். ஈரலில் ஊசிமுனைப் புள்ளிகள், இதயக் கொழுப்பில் ரத்தப் பொட்டுகள். இதில் ஒரு வசதி உண்டு: ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றினால், இரு முனையும் அடர்ந்து தெரியும் குட்டிக் கிருமிகளை அன்றைக்கே பார்த்துவிடலாம்.

புள்ளி என்றாலே காலரா என்று முடிவு கட்டவும் முடியாது. போட்டிக்குப் புள்ளி ஈரல் நோயைக் கொடுக்கும் கேம்பைலோபேக்டர் ஹெபடிகஸ் இருக்கிறது. 1950களிலேயே அமெரிக்காவில் இப்படியொரு ஈரல் நோயைப் பதிவு செய்தார்கள், ஆனால் இந்தக் கிருமிக்குப் பெயர் கிடைத்தது 2016இல்தான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் திறந்தவெளியில் மேயும் முட்டைக்கோழிகளை, முட்டை உச்சத்தில் இருக்கும்போது பிடிக்கிறது. ஈரலில் 1 முதல் 2 மில்லிமீட்டர் சாம்பல் வெள்ளைப் புள்ளிகள், கூடவே முட்டைச் சரிவு. கூண்டில் வளர்ப்பவர்கள் இதை முதல் சந்தேகமாக வைக்க வேண்டாம். கோழிகளைத் தரையில் விட்டு வளர்க்கத் தொடங்கியவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

ஈகோலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஈரலுக்கு மேலே வெண்மஞ்சள் ஆடை போர்த்தும், இதயத்துக்கும் காற்றுப்பைக்கும் சேர்த்தே போர்த்தும். கறிக்கோழியில் இதுதான் அன்றாடக் காட்சி. பெரும்பாலும் இது பின்னால் வருகிற கிருமி. மூச்சுக்குழல் வைரஸோ, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவோ, செட்டில் தேங்கிய அமோனியாவோ வழி திறந்துவிட்டிருக்கும். அந்த வழியை அடைக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு.

மருந்து என்றதும் ஒன்று. ஈகோலிக்குப் பலரும் கைவைத்த கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019இல் இந்திய அரசு தடை விதித்துவிட்டது. மிச்சமிருக்கும் மருந்துகளில் எது கேட்கும் என்பதைக் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தண்ணீரில் மருந்து கலந்து இரண்டு நாள் கழித்து மாதிரி அனுப்பினால் ஆய்வகத்தில் எதுவும் வளராமல் போகலாம். முதலில் மாதிரி, அப்புறம் மருந்து.

ஈரலோடு மண்ணீரலையும் இதயத்தையும் ஐஸில் வைத்து அனுப்புங்கள். புள்ளி ஈரல் சந்தேகம் என்றால் பித்தப்பையையும் உடையாமல் சேர்த்து வையுங்கள். கேம்பைலோபேக்டர் மெதுவாக வளரும், மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும், பித்தநீரில்தான் அது ஓரளவு தனியாகக் கிடைக்கும். என்ன சந்தேகிக்கிறீர்கள் என்று சீட்டில் எழுதிவிடுங்கள். ஆக்ஸிஜனைக் குறைத்து வளர்க்க வேண்டிய கிருமி அது. சொல்லாவிட்டால் வழக்கமான முறையில் வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று பதில் வரும்.