பெலிச்சிக்கா, கேரோலா? ஒரே முதலாளி வேலைக்கு வைத்த இரண்டு கோச்சுகள்

2024 ஜனவரி 10ஆம் தேதி சியாட்டில் சீஹாக்ஸ் அணி தன் ஹெட் கோச் பீட் கேரோலைப் பதவியிலிருந்து இறக்கியது. மறுநாளே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை விட்டு பில் பெலிச்சிக் விலகினார். ஒருவர் 14 சீசன், இன்னொருவர் 24 சீசன். அமெரிக்க ஃபுட்பாலில் 'டீம் கல்ச்சர்' என்று பேச்செடுத்தால் இந்த இரண்டு பெயரும் வராமல் இருக்காது, அதுவும் எதிரெதிராக. பெலிச்சிக் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் குறைவு. கேரோலோ 70 வயது தாண்டியும் சூயிங்கம் மென்றபடி மைதான ஓரத்தில் துள்ளிக்கொண்டிருப்பார்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இரண்டே விஷயம். கிரிக்கெட்டில் கேப்டன் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதியை இங்கே கோச் எடுக்கிறார். ஒவ்வொரு பந்துக்கும் என்ன திட்டம், யார் எங்கே நிற்பது என்று பெரும்பாலும் வெளியிலிருந்துதான் உத்தரவு வரும். இன்னொன்று, 1994 முதல் எல்லா அணிக்கும் சம்பளச் செலவில் ஒரே உச்சவரம்பு. பணக்கார முதலாளி நினைத்தால்கூட நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்க முடியாது. 53 பேரை வைத்துக்கொண்டு யார் நன்றாக வேலை வாங்குகிறார் என்பதில்தான் அணிகளுக்குள் வித்தியாசமே வருகிறது. அதனால் கோச் மேல் இத்தனை பேச்சு.

இந்த இருவரையும் அடுத்தடுத்து வேலைக்கு வைத்தவர் ஒரே ஆள்: பேட்ரியட்ஸ் முதலாளி ராபர்ட் கிராஃப்ட். 1997 முதல் 1999 வரை அங்கே கோச் கேரோல். 27 வெற்றி, 21 தோல்வி, அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் 10, 9, 8 என்று வருடா வருடம் வெற்றி குறைந்தது, அனுப்பிவிட்டார்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதில் கடைசி வார்த்தை அப்போது கேரோலுடையது இல்லை. அடுத்து வந்த பெலிச்சிக்குக்கு அந்த அதிகாரம் முழுசாகக் கிடைத்தது. கேரோலுக்கு அது கிடைக்க 2010இல் சியாட்டில் போகவேண்டியிருந்தது. 'நல்ல கல்ச்சரை உருவாக்கு' என்று சொல்லிவிட்டு ஆள் எடுக்கும் உரிமையைக் கொடுக்காத முதலாளிகளை இன்றைக்கும் பார்க்கிறோம். சமையல்காரரை வைத்துக்கொண்டு சாமான் லிஸ்ட்டை நாமே எழுதுகிற கதை.

சரி, இரண்டு பேரின் பயிற்சி மைதானத்துக்கும் போவோம். இரண்டிலும் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கும். பெலிச்சிக் அதில் எதிரணி ரசிகர்களின் கூச்சலை அலறவிடுவார். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, கேட்காமலே ஆடப் பழக வேண்டும். மழை பெய்தால் வெளியேதான் பயிற்சி. தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். கேரோலின் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். மீட்டிங் ஹாலில் கூடைப்பந்து வளையம் மாட்டியிருக்கும். திங்கள் உண்மை பேசும் நாள், புதன் போட்டி நாள், வியாழன் பந்தைப் பறிக்கும் நாள் என்று வாரத்துக்கே பெயர் வைத்திருந்தார். விளையாட்டு மனநல நிபுணர் ஒருவரும் அணியோடு வேலை செய்தார்.

பெலிச்சிக்கின் தாரக மந்திரம் 'உன் வேலையைச் செய்'. கேரோலுடையது 'எப்போதும் போட்டி போடு'. சுவரில் எழுதிவைக்க இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஆள் விஷயத்தில் அது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

2014 நவம்பர். பேட்ரியட்ஸின் ஜோனஸ் கிரே அதுவரை பெரிதாகப் பேர் வாங்காத ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். இண்டியானாபோலிஸில் ஒரே ஆட்டத்தில் 201 யார்டு ஓடி 4 டச்டவுன் போட்டார் (எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதுதான் டச்டவுன், 6 புள்ளி). நாடே திரும்பிப் பார்த்தது. அந்த வார வெள்ளிக்கிழமை தூங்கிவிட்டார், பயிற்சிக்குத் தாமதம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட்டோடு நடந்த ஆட்டத்தில் ஒரு பந்துக்குக்கூட அவரை இறக்கவில்லை. அதன்பிறகு அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கொடுமைதான். ஆனால் மீதி 52 பேரில் ஒருவருக்கும் அந்த வருடம் அலாரம் வைக்க ஞாபகப்படுத்த வேண்டியிருந்திருக்காது.

சியாட்டில் கதை வேறு மாதிரி. 2012இல் மேட் ஃப்ளின் என்ற குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) 1 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். அதே வருடம் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது சுற்றில், 75ஆவது ஆளாக ரஸ்ஸல் வில்சனை எடுத்தார்கள். உயரம் போதாது என்று பல அணிகள் யோசித்த பையன். பயிற்சி முகாமில் பையன் நன்றாக ஆடினான், முதல் ஆட்டமே அவனுக்குத்தான். 1 கோடி டாலர் பெஞ்சில் உட்கார்ந்தது. 'போட்டி போடு' என்று கோச் சொன்னது நிஜம்தான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. ஐந்தாவது சுற்றில் வந்த ரிச்சர்ட் ஷெர்மன், காம் சான்சலர், கனடா லீக்கிலிருந்து வந்த பிராண்டன் பிரௌனர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஆட்களை வைத்தே ஒரு தடுப்பு அணி உருவானது. 2012 முதல் 2015 வரை நான்கு வருடமும் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுத்த அணி அதுதான். 2014 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் டென்வரை 43-8 என்று நொறுக்கிக் கோப்பை வாங்கினார்கள்.

அடுத்த வருடமே அரிசோனாவில், சூப்பர் பௌலில், இருவரும் நேருக்கு நேர்.

அந்த ஆட்டத்தை இரண்டு கல்ச்சருக்குமான பரீட்சை என்றே சொல்லலாம். முதல் பாதி முடிய 6 விநாடி. பந்தை உதைத்துச் சுலபமாக 3 புள்ளி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கேரோல் துணிந்து டச்டவுனுக்கே போனார். பந்து போனது கிறிஸ் மேத்யூஸுக்கு. அந்த ஆட்டத்துக்கு முன் இந்த லீக்கில் (என்.எஃப்.எல்.) ஒரு பந்துகூடப் பிடிக்காதவர், கொஞ்ச நாள் முன்புவரை செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். அன்று 109 யார்டு எடுத்தார். கேரோல் பள்ளிக்கூடத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. நான்காவது கால்பகுதி தொடங்கும்போது சியாட்டில் 24-14 முன்னிலை.

பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிராடி இரண்டு டச்டவுன் அடித்து 28-24 ஆக்கினார். கடைசியில் சியாட்டில் அணி பேட்ரியட்ஸின் எல்லைக்கோட்டுக்கு 1 யார்டு தூரத்தில் நிற்கிறது. கடிகாரம் ஓடுகிறது. பெலிச்சிக் கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை. டிவி முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஏன் எடுக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எதிரணி பெஞ்சின் குழப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எறியும் பந்தைத் தடுக்கும் கார்னர்பேக்குகள் மூன்று பேரை உள்ளே அனுப்பினார். அதில் ஒருவர் மால்கம் பட்லர், டிராஃப்ட்டில் யாரும் எடுக்காதவர். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இதே ப்ளேயில் பட்லர் ஏமாந்து டச்டவுன் கொடுத்திருந்தார், திட்டும் வாங்கியிருந்தார். அந்த வருடம் பேட்ரியட்ஸுக்கு மாறியிருந்த பிரௌனருக்குத் தன் பழைய அணி நிற்கிற விதத்தைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அவர் தன் ஆளை அப்படியே அமுக்கிப் பிடித்தார், பட்லர் நேராகப் பந்தை நோக்கிப் பாய்ந்தார். வில்சன் எறிந்த பந்து பட்லர் கையில்.

மார்ஷான் லிஞ்ச் மாதிரி ஒரு முரட்டு ரன்னிங் பேக் இருக்கும்போது ஏன் பந்தை எறிந்தார்கள் என்று இன்றுவரை கேட்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் கேரோல் சொன்னதில் நியாயம் உண்டு. இருந்தது 26 விநாடி, ஒரே ஒரு டைம்-அவுட். மீதியிருந்த மூன்று முயற்சியும் செய்ய வேண்டுமென்றால் அதில் ஒன்றாவது எறிதலாக இருக்கவேண்டும், ஏனென்றால் பிடிபடாத பந்துக்குக் கடிகாரம் தானாக நிற்கும். என் பார்வையில் அந்த முடிவைவிட அதற்குப் பின்னால் நடந்ததுதான் சியாட்டிலைக் கெடுத்தது.

கேரோல் கேமரா முன்னால் வந்து பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டார். பெருந்தன்மைதான். ஆனால் வில்சனை ஹீரோவாக்கத்தான் பந்தை எறியவிட்டார்கள், வில்சனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்ற முணுமுணுப்பு தடுப்பு வீரர்களிடம் இருந்ததாகப் பிறகு பத்திரிகைகளில் வந்தது. அதே 2015இல் வில்சனுக்கு 4 வருடத்துக்கு 8.76 கோடி டாலர் ஒப்பந்தம். அதுவரை நான்கு வருடத்துக்குச் சேர்த்தே சுமார் 30 லட்சம்தான் அவருக்கு. 30 லட்சம் வாங்குகிறவனிடம் 'உன் இடம் நிரந்தரமில்லை' என்று சொன்னால் நம்புவான். 8 கோடி வாங்குகிறவனின் இடத்துக்கு யாரோடு போட்டி வைப்பது? மற்றவர்களுக்கும் அது தெரியும். 2018இல் தடுப்பு வீரர் எர்ல் தாமஸ் கால் உடைந்து வண்டியில் வெளியே போகும்போது தன் அணி பெஞ்சைப் பார்த்தே நடுவிரலைக் காட்டினார். ஒரு காலத்தில் அந்த அணியின் முதுகெலும்பு அவர்.

பேட்ரியட்ஸில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் பெலிச்சிக்கைவிட டாம் பிராடி என்றே நினைக்கிறேன். வாராந்திர வீடியோ மீட்டிங்கில் பிராடியின் மோசமான எறிதலை எல்லோர் முன்னாலும் ஓடவிட்டு, உள்ளூர் ஹைஸ்கூல் பையன்கூட இதைச் சரியாக எறிவான் என்று பெலிச்சிக் திட்டுவார் என்பது பழைய வீரர்கள் பலர் சொன்ன கதை. பிராடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சந்தை விலையைவிடக் குறைந்த சம்பளத்துக்கும் பல முறை கையெழுத்துப் போட்டார். அவனையே திட்டுகிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று மற்றவர்கள் அடங்கிப் போவார்கள். யாரும் அத்தியாவசியமில்லை என்ற கொள்கை, உண்மையிலேயே அத்தியாவசியமான ஒருவர் அப்படி இல்லாததுபோல் நடந்துகொண்டதால் ஓடியது.

இதே கொள்கை பாய்ந்து கடித்த இடமும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான சூப்பர் பௌல். அந்த சீசன் முழுக்கத் தடுப்பில் அநேகமாக எல்லாப் பந்துக்கும் ஆடிய பட்லரை, அதே பட்லரை, தடுப்பில் ஒரு பந்துக்குக்கூட இறக்கவில்லை. எதிரணி 538 யார்டு எடுத்து 41-33 என்று ஜெயித்தது. காரணம் என்னவென்று பெலிச்சிக் சொல்லவே இல்லை. ஜோனஸ் கிரேயை உட்காரவைத்ததில் ஒரு பாடம் இருந்தது, எல்லோருக்கும் புரிந்தது. இதில் என்ன பாடம் என்று வீரர்களுக்கே தெரியாது. ஆனாலும் அணி சிதறவில்லை, மறுவருடமே ஆறாவது கோப்பையை வாங்கியது. சியாட்டிலில் இப்படி நடந்திருந்தால் லாக்கர் ரூம் இரண்டாகியிருக்கும்.

கோப்பைக் கணக்கில் 6-1, பேச்சே இல்லை. ஆனால் நட்சத்திர குவார்ட்டர்பேக் போன பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. பிராடி 2020இல் தாம்பா பே போய் முதல் வருடமே ஜெயித்தார். அவர் இல்லாத நான்கு சீசனில் பெலிச்சிக் 29 வெற்றி, 38 தோல்வி. 2022இல் தாக்குதல் பொறுப்பை மேட் பாட்ரீஷியாவிடமும் ஜோ ஜட்ஜிடமும் கொடுத்தார். ஒருவர் தடுப்புப் பக்கம் பேர் வாங்கியவர், மற்றவர் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் குழு) ஆள். நம் முறை சரியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நினைப்பு. இளம் குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ்தான் அதற்கு விலை கொடுத்தார். கேரோல் 2022இல் வில்சனை டென்வருக்கு விற்றுவிட்டு, எல்லோரும் கைகழுவிய ஜீனோ ஸ்மித்தை வைத்து 9-8 (9 வெற்றி, 8 தோல்வி), அடுத்த வருடமும் 9-8. பெரிய சாதனை இல்லைதான், ஆனால் விழவும் இல்லை.

சீடர்கள் கதையும் அப்படித்தான். முறைப்பையும் கண்டிப்பையும் நகலெடுத்துக்கொண்டு போன பாட்ரீஷியா டெட்ராய்ட்டில் 13-29-1 (கடைசி 1 சமனில் முடிந்த ஆட்டம்), ஜட்ஜ் நியூயார்க் ஜயண்ட்ஸில் 10-23. பில் ஓ'பிரையன் ஹூஸ்டனில் ஓரளவு தாக்குப்பிடித்தார். குருவின் முகத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு வீரர்களுக்குக் கோப்பைகள் இருந்தன, சீடர்களிடம் காட்ட ஒன்றுமில்லை. கேரோலிடமிருந்து போன டான் க்வின் அட்லாண்டாவை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார் (பெலிச்சிக்கிடமே 28-3 முன்னிலையைக் கோட்டைவிட்டார், அது தனிக் கதை), பிறகு 2024இல் வாஷிங்டனை 12-5 ஆக்கினார்.

2025இல் இரண்டு பேரும் புது இடம் போனார்கள். பெலிச்சிக் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 4-8. கேரோல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸில், அதே ஜீனோ ஸ்மித்தோடு, 3-14, ஒரே சீசனில் வேலை போனது. சுவரில் அதே வாசகங்கள், ஆட்கள்தான் வேறு.

ஆக, என்னிடம் ஒரு அணியைக் கொடுத்தால், முதல் ஒப்பந்தத்தில் ஆடும் பசித்த பையன்கள் நிறைந்திருக்கும் முதல் நான்கு வருடத்துக்குக் கேரோலைத்தான் கூப்பிடுவேன். குவார்ட்டர்பேக்கின் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்று பெலிச்சிக்குக்கு ஃபோன் போடுவேன். அவர் வந்துவிடுவார். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்க அந்தக் குவார்ட்டர்பேக் ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கேதான் சிக்கல்.