பழைய வாஷ்பேசினுக்கு எந்த டிராப்?

தாத்தா காலத்துப் பீங்கான் வாஷ்பேசினைத் துலக்கி மறுபடி மாட்ட நினைப்பவர்கள், பெரும்பாலும் முதல் வேலையாகக் கடைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு பாட்டில் டிராப் வாங்கி வந்துவிடுகிறார்கள். டிராப் என்பது கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்து, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும் குழாய்ப் பாகம்; பாட்டில் வடிவில் இருந்தால் பாட்டில் டிராப். அதற்கு முன்னால் தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள். தரைக்கா, சுவருக்கா? எதை வாங்குவது என்பது அதைப் பொறுத்தது.

நம் பழைய வீடுகள் பலவற்றில் பேசின் தண்ணீர் நஹானி டிராப்பில்தான், அதாவது தரை ஓட்டைக்குக் கீழே பதித்த டிராப்பில்தான் விழும். நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீர் அதிலேயே நிற்பதால் மேலே இன்னொரு டிராப் தேவையில்லை. மாட்டினால், மூடிய குழாயில் இரண்டுக்கும் நடுவே காற்று சிக்கிக்கொண்டு தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். இந்த இடத்துக்குப் போட்டி சுருள் பிளாஸ்டிக் குழாய்க்கும் நேரான பிவிசி குழாய்க்கும்தான். சுருள் குழாய் மலிவு, எந்தப் பக்கமும் வளையும். ஆனால் அதன் மடிப்பெல்லாம் முடியும் சோப்பு அழுக்கும் சேரும், எலியும் கடிக்கும். நேர் குழாய்க்கே என் ஓட்டு.

குழாய் சுவருக்குள் போய் நேரே சாக்கடையில் சேர்கிறது என்றால் டிராப் கட்டாயம். இங்கே பாட்டில் டிராப்பா, வளைந்த குழாயாக இருக்கும் பி டிராப்பா? பாட்டில் டிராப் பார்வைக்கு அழகு. அடிக்கிண்ணத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே விழுந்த மூக்குத்திகூடக் கிடைத்துவிடும். பித்தளையில் குரோம் பூசியது பழைய பேசினுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். பி டிராப்பில் தண்ணீர் ஒரே வளைவில் வேகமாக ஓடி அழுக்கைத் தானே தள்ளிவிடும், அடைப்பு குறைவு. பேசினின் அடிப்பக்கம் கண்ணில் படாது என்றால் நான் பி டிராப்பைத்தான் வாங்குவேன். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் எதை மாட்டினாலும் கோடையில் தண்ணீர் வற்றி நாற்றம் வரும். கிளம்பும்போது ஒரு குவளை தண்ணீரும் மேலே கொஞ்சம் சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள்.

டிராப்பைவிட அதிகம் தொல்லை தருவது வேஸ்ட் கப்ளிங், அதாவது பேசினின் வடிகால் ஓட்டையில் பொருத்தும் மரை போட்ட துண்டு. கடையில் 32 மி.மீ. என்பார்கள், அளந்தால் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 42 மி.மீ. இருக்கும். பயப்பட வேண்டாம், 32 என்பது ஒன்றேகால் அங்குலக் குழாயின் உள்ளளவைக் குறிப்பது. பேசின் விளிம்புக்குக் கீழே நிறைதண்ணீர் வழிய ஓட்டை இருக்கிறதா? அப்படியென்றால் பக்கத்தில் வெட்டு உள்ள அரை மரை கப்ளிங் வேண்டும். முழு மரை போட்டால் அந்த வழி அடைபட்டுத் தண்ணீர் உள்ளேயே தேங்கி நாறும். ஓட்டை இல்லாத பேசினுக்கு முழு மரை. பழைய பீங்கான் தடிமனாக இருக்கும், 3 அங்குலக் கப்ளிங் சில சமயம் எட்டாது. 5 அங்குலம் கேளுங்கள்.

அப்புறம், ஒட்டுவதற்கு வெள்ளை சிமென்டா, ரப்பர் வாஷரா? சிமென்ட் கசியாது என்று பிளம்பர் அண்ணன் சத்தியம் செய்வார். ஆனால் நாளைக்குக் கப்ளிங்கை மாற்ற உளியால் தட்டினால் பேசினே விரிசல் விடலாம். ரப்பர் வாஷர் போதும், உட்காரும் இடம் மேடுபள்ளமாக இருந்தால் கூடவே கொஞ்சம் சிலிகான். நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம்.