மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ரத்தக்கட்டியைத் தடுக்க: ஊசியா, மாத்திரையா, காற்றழுத்த உறையா?

இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவருக்குக் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் தமனியை அடைக்கலாம். பலருக்கு இது வீட்டுக்குப் போன பிறகுதான் வருகிறது. ஆகவே எந்த வழி நல்லது என்று கேட்கும்போது, யார் எத்தனை நாள் விடாமல் அதைத் தொடர்வார் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வகை மருந்தான எனாக்சாபரின் ஊசி தினமும் ஒருமுறை 40 மி.கி. மயக்க மருந்தின் வாந்தி அடங்காதவருக்கும் இது வேலை செய்யும் என்பதே பெரிய பலம். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேர்க்குத்தாக முழுவதும் இறக்க வேண்டும். 40 மி.கி. சிரிஞ்சில் உள்ள காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது. கூடவே மருந்தும் போய்விடும். போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மருந்து உடம்பில் தேங்கும். சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் அளவைக் குறைத்தாக வேண்டும். தொடங்கிய 5 முதல் 10 நாளில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்தால் ஹெபாரின் ஒவ்வாமையைச் சந்தேகித்து நிறுத்த வேண்டும். அப்போது ரத்தம் கசிவதற்குப் பதில் இன்னும் உறையும்.

ரிவராக்சபான் 10 மி.கி. மாத்திரை தினம் ஒன்று: அறுவை முடிந்து 6 முதல் 10 மணி நேரத்தில், ரத்தக்கசிவு நின்றதைப் பார்த்துத் தொடங்குவார்கள். இடுப்புக்கு 35 நாள், முழங்காலுக்கு இரண்டு வாரம். வீட்டில் ஊசி போட ஆள் இல்லாதவருக்கு இதுவே மேல். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவருக்கு மாத்திரையின் வீரியம் குறையும். முதுகில் வலி மருந்து செலுத்தும் எபிடியூரல் குழாய் இருந்தால் இன்னொரு சிக்கல்: கடைசி மாத்திரைக்குப் பின் 18 மணி நேரமாவது கழித்தே குழாயை எடுக்கலாம், எனாக்சாபரினின் 40 மி.கி. அளவுக்கு 12 மணி நேரம் போதும். அவசரப்பட்டால் முதுகுத்தண்டில் ரத்தம் தேங்கி, கால் செயலிழக்கலாம். அதனால் குழாய் இருக்கும் வரை ஊசி, வீட்டுக்குப் போனதும் மாத்திரை என்பது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆஸ்பிரின் மலிவு, அதை விரும்பும் அறுவை நிபுணர்கள் நிறைய. ஆனாலும் 2022ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 90 நாளில் அறிகுறியுடன் ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆஸ்பிரினில் 3.45%, எனாக்சாபரினில் 1.82%. தனியாக அதை மட்டும் நம்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

காற்றழுத்த உறை, காலில் மாட்டியதும் காற்று நிரம்பி வடிந்து காலை அமுக்கிவிடுவது; ரத்தத்தை இளக்காது. ரத்தக்கசிவு பயம் உள்ளவருக்கு முதல் தெரிவு. நாளில் 18 மணி நேரமாவது காலில் இருக்க வேண்டும். நடைமுறையில் கழிவறைக்குப் போகக் கழற்றியவர்கள் மறுபடி மாட்டுவதே இல்லை. ஏற்கெனவே கால் வீங்கியிருந்தால் ஸ்கேன் பார்க்காமல் மாட்டக் கூடாது. உள்ளே கட்டி இருந்தால் அந்த அழுத்தமே அதைக் கிளப்பிவிடலாம்.