பக்கத்து மாடிக்கு எது திரை: நெட்டிலிங்கமா, மூங்கிலா, பந்தலா?

சென்னைப் புறநகரில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பலருக்கும் இப்போது ஒரே தலைவலி. கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், மாடம்பாக்கம், எங்கே போனாலும் இதே கதைதான். அன்றைக்குப் பக்கத்தில் காலி மனை, இன்றைக்கு அங்கே மூன்று மாடி. கொல்லைப்புறம் துணி காயப்போடப் போனால் மேலே பால்கனியில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் வீட்டுப் பால்கனியில் அவர் நிற்கிறார்.

சட்டத்தில் வழி உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. அண்டை வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று ஓர் ஊரில் வழக்கம் இருந்தால், அதை உரிமையாகவே கேட்கலாம் என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உதாரணத்தோடு சொல்கிறது. நேற்று லேஅவுட் போட்ட நகரில் வழக்கத்துக்கு எங்கே போவது? ஆக, செடி கொடிதான் கதி.

நர்சரிக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு முதல் மாடித் தரை 12 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்பவரின் கண் 17 அடியில் இருக்கும். அவர் ஜன்னலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் 4 அடி, சுவருக்கும் உங்கள் நாற்காலிக்கும் 6 அடி. உட்கார்ந்தால் உங்கள் தலை 4 அடி உயரம். அவர் கண்ணிலிருந்து உங்கள் தலைக்குக் கயிறு பிடித்தால், அது சுவரைத் தாண்டும் இடத்தில் கிட்டத்தட்ட 12 அடி உயரத்தில் போகும். அதே கயிறு உங்கள் நாற்காலிக்கு 2 அடி முன்னால் வரும்போது ஏழு அடிக்குள் இறங்கிவிடும். இரண்டாம் மாடி என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. சுவரோரம் 18 அடி மரம் வேண்டும், நாற்காலிப் பக்கம் 9 அடி மறைப்பு போதும்.

நம் ஆட்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நேராகப் போய்ப் பத்து நெட்டிலிங்கக் கன்று வாங்கிச் சுவரோரம் வரிசையாக நட்டுவிடுகிறார்கள்.

நெட்டிலிங்கத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒல்லியாக, நேராக, கிளை எல்லாம் கீழ்நோக்கித் தொங்க வளரும். வருடம் முழுக்கப் பச்சை. நாலடி இடத்திலும் நிற்கும். இதைவிடக் குறைந்த இடத்தில் இவ்வளவு உயரம் போகும் மரம் நம் நர்சரிகளில் கிடைப்பது அரிது. ஆனால் நட்ட வருடமே மறைத்துவிடாது, 12 அடிக்குச் சில வருடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு நெருக்கி நட்டால் உள்பக்க இலை உதிர்ந்து, குச்சியாகத் தெரியும். இன்னொன்று, புறநகர் வீடுகளில் சுவரோர மண் என்பது பாதி கற்பனைதான். அந்த நாலடிக்குள் சம்ப், செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் எல்லாம் போகும். மிச்சத்துக்கு சிமெண்ட் போட்டிருப்பார்கள். பத்து மரத்துக்கு அங்கே இடம் இல்லை. பக்கத்து ஜன்னலுக்கு நேர் எதிரே இரண்டு மரம், அதுவும் செப்டிக் டேங்குக்குத் தள்ளி. அவ்வளவுதான் தேவையும்.

மூங்கில் பார்க்க அழகு, வேகமும் அதுதான். மழைக்காலத்தில் முளை கிளம்பினால் சில மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். நெட்டிலிங்கம் வருடக்கணக்கில் செய்வதை ஒரு புதர் இரண்டு மழையில் செய்துவிடும். ஆனால் புதர் ஒவ்வொரு வருடமும் அகலமாகிக்கொண்டே போகும். மஞ்சள் மூங்கில் மாதிரிப் பெரிய வகையை அரை கிரவுண்ட் (1,200 சதுர அடி) மனையில் வைத்தால் சில வருடத்தில் அது சுவரைத் தள்ளும். சின்ன இலை, மெல்லிய கழி உள்ள வேலி மூங்கில் பரவாயில்லை, சிமெண்ட் தொட்டி கட்டி அதற்குள் வைத்தால் அடங்கியும் இருக்கும்.

அப்புறம் இலை. மூங்கில் இலை காகிதம் மாதிரி லேசு, காற்றடித்தால் பக்கத்து வீட்டு சன்ஷேடிலும் மழைநீர்க் குழாய் வாயிலும் போய் அடைத்துக்கொள்ளும். கண்ணை மறைக்கப் போய் வாய்ச்சண்டையை வாங்குவது இப்படித்தான். தண்ணீரும் கேட்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர் இது. அதை நினைத்துக்கொண்டு மூங்கில் வாங்குங்கள். ஒரு கிரவுண்டுக்கு மேல் மனையும் நல்ல கிணறும் இருப்பவர்களுக்குத்தான் நான் இதைச் சொல்வேன்.

கோனோகார்பஸ் மரம் என்று யாராவது பேச்செடுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிடுகிடுவென்று வளரும், உண்மைதான். வேர் குழாய்க்குள் போகும், மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்று 2023-இல் குஜராத் தடை போட்டது. தமிழ்நாடும் பிறகு நட வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எதிர் வீடும் தரைத்தளம்தான், ஆறேழு அடி மறைத்தால் போதும் என்பவர்களுக்கு மரமே வேண்டாம். நொச்சி இருக்கிறது. போத்து (கிளைத்துண்டு) ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், ஆடு மாடு வாய் வைக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும், தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். மதில் காக்கும் வீரர்கள் நொச்சிப்பூச் சூடிப் போரிட்டதாகப் புறத்திணை சொல்லும், நம் வேலைக்குப் பொருத்தமான செடிதான். இலை கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கும், வருடம் இரண்டு முறை கவாத்து செய்தால் அடர்த்தியாகும். அடுக்குச் செம்பருத்தி இன்னும் அடர்த்தி, ஆனால் மாவுப்பூச்சி தொல்லை. அரளி கேட்டால் கிடைக்கும், பூவும் பிரமாதம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், முழுச் செடியும் விஷம். முருங்கையை மறைப்புக்கு நம்பவே கூடாது. கீரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப் பார்வைக்கு என் ஓட்டு பந்தலுக்குத்தான். மேலே போட்ட கயிற்றுக் கணக்கின்படி நாற்காலி, துணிக்கொடி, துவைக்கிற கல் இருக்கும் இடத்தை மட்டும் மூடினால் போதும், முழு மனையையும் வேலி கட்ட வேண்டியதில்லை. நாலு இரும்புக் கால், மேலே கம்பி வலை, ஓரத்தில் ஒரு கொடி. வேருக்கு ஒன்றரை அடிக் குழி இருந்தால் ஆயிற்று, சிமெண்ட் தரையில் ஒரு சதுரம் உடைத்தால் கிடைத்துவிடும்.

எந்தக் கொடி என்பதில்தான் சாமர்த்தியம். அவரையும் புடலையும் காய் தரும், ஆனால் ஆடியில் விதைத்த அவரை தை, மாசியோடு முடிந்துவிடும். சித்திரை வெயிலில், எல்லோரும் சாயங்காலம் காற்றுக்கு வெளியே வந்து உட்காரும் நேரத்தில், பந்தல் மொட்டையாக நிற்கும். கோவைக்காய் பல வருடம் இருக்கும், இந்த விஷயத்தில் அது மேல். இரங்கூன் மல்லியும் பல வருடம் நின்று வளரும், சாயங்காலம் வெள்ளையாகப் பூத்துப் பிறகு சிவக்கும், தெருவே மணக்கும். ஆனால் கனம் அதிகம், சவுக்குக் கம்பு தாங்காது, இரும்புதான் வேண்டும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், ஆனால் தலைக்கு மேலே முள்ளை வைத்துக்கொண்டு யார் துணி காயப்போடுவது? அதைச் சுவர் மேல் விடலாம், திருடனையும் தடுக்கும். மொட்டை மாடி ஓரத்திலிருந்து கீழே தொங்கவிட கர்ட்டன் க்ரீப்பர் என்று நர்சரிகளில் விற்கும் கொடி நன்றாக இருக்கும், இழை இழையாக இறங்கி பால்கனியை மூடும்.

பச்சை வலையை நான் திரையாகச் சேர்க்கவில்லை. இன்றைக்குக் கட்டினால் இன்றைக்கே மறைப்பு, அது ஒன்றுதான் அதற்குப் பெருமை. நம் வெயிலில் கொஞ்ச நாளிலேயே நைந்து நார் நாராகும். காற்றுக்காலத்தில் முடிச்சை அறுத்துக்கொண்டு மின்கம்பியில் போய் மாட்டும். வர்தா மாதிரிப் புயல் என்றால் வானிலைச் செய்தி வந்தவுடனே அவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஆனாலும் பந்தல் போட்ட முதல் வருடம் கொடி ஏறும்வரை அதே காலில், வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் வலையைக் கட்டிக்கொள்ளலாம். 90 சதவீதம் கட்டினால் கீழே வெளிச்சம் இல்லாமல் கொடியே மேலே வராது. ஆடி, ஆவணியில் குழி எடுத்துக் கொடியை வைத்துவிட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்திருக்கும். கொடி மேலே ஏறிப் பச்சை வலையைத் தொட்டதும், அது அதற்குள் பின்னிக்கொள்ளும் முன்னாலேயே அந்த வலையைக் கழற்றிவிடுங்கள். பின்னிவிட்டால் கொடியை அறுக்காமல் வலையை எடுக்க முடியாது.